முப்பது டிபிஎம் ஆசை

பொலிவியா எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பவர்கள்கூட தங்கள் லேப்டாப்பை அந்த நாட்டுக்குக் குடியேற்றியிருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் வைஃபை கார்டை நோண்டிப் பார்த்த எவருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். கார்டின் நாட்டுக் குறியீட்டை ‘பிஓ’ என்று மாற்று, அனுப்பும் பவரை 30 என்று கொடு, ஒரு வாட் உன் கையில் என்று பாடம் எடுக்காத ஆள் இல்லை. ரியல்டெக் 8187எல் சிப் வைத்த ஆல்ஃபா யூஎஸ்பி அடாப்டரை வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்ததும் செய்த முதல் காரியம் பெரும்பாலும் இதுதான். பொலிவியா சலித்த பிறகு கயானாவுக்கு ஒரு கூட்டம் போனது.

பொலிவியா மேல் யாருக்கும் தனிப் பாசம் கிடையாது. எந்த நாட்டில் எந்த அலைவரிசையில் எவ்வளவு பவர் அனுமதி என்று லினக்ஸ் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அதில் அந்தக் காலத்தில் பொலிவியாவுக்கு நேராக 30 என்று இருந்தது, பின்னால் திருத்திவிட்டார்கள். குறியீட்டை மாற்றியதும் திரையில் 30 டிபிஎம் என்று அழகாக வரும். திரையில் வந்தது சரி, ஆன்டெனாவில் வந்ததா என்பதுதான் கேள்வி. பல கார்டுகளில் வராது. வந்த கார்டுகளிலோ, வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும்படி வேறு சில விஷயங்கள் நடக்கும்.

கணக்கை முதலில் வேகமாக முடித்துவிடுவோம். டிபிஎம் என்பது பவரை மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு. ஒரு மில்லிவாட் என்பது 0 டிபிஎம். 10 கூடினால் பத்து மடங்கு, 3 கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக 15 டிபிஎம் என்றால் சுமார் 32 மில்லிவாட், 20 என்றால் 100, 23 என்றால் 200, 27 என்றால் 500, 30 என்றால் ஒரு வாட். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க 6 டெசிபல் வேண்டும், அதாவது நாலு மடங்கு பவர். வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். நம் ஊர் கான்கிரீட் தளம் ஒன்றே 10 முதல் 15 டெசிபல் வரை விழுங்கிவிடும். 15-ஐ 20 ஆக்கி நீங்கள் சம்பாதிக்கும் 5 டெசிபல், மாடிக்குப் போகும் வழியில் பாதித் தளத்தைக்கூடத் தாண்டாது.

திரையில் தெரியும் எண்ணை மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். முதலாமவர் அந்த நாட்டு அட்டவணை. முன்பு அதைப் படித்துச் சொல்ல தனி நிரல் ஒன்று இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.15 பதிப்பில் இருந்து, கையொப்பமிட்ட அந்த அட்டவணைக் கோப்பைக் கெர்னலே நேராகப் படித்துக்கொள்கிறது. நாடு எதுவென்று தெரியாவிட்டால் ‘00’ என்ற உலகப் பொது விதிக்குப் போய், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 20 டிபிஎம்மோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டாமவர் கார்டு. தொழிற்சாலையில் ஒவ்வொரு கார்டையும் அளந்து, இந்தச் சேனலில் இந்த வேகத்தில் இவ்வளவுதான் போகலாம் என்று அதன் நினைவகத்திலேயே எழுதி அனுப்புகிறார்கள். மூன்றாமவர் நீங்கள். மூன்று எண்களில் எது சிறியதோ அதுதான் செல்லுபடியாகும். அதனால்தான் பொலிவியா வித்தை பாதிப் பேருக்குத் திரையோடு நின்றது: அட்டவணை வழிவிட்டது, கார்டு விடவில்லை. இன்டெல் கார்டுகளில் இந்த விளையாட்டுக்கே இடமில்லை. பக்கத்து ரூட்டர்கள் எந்த நாட்டுக் குறியீட்டை ஒலிபரப்புகின்றன என்று கேட்டு, கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரே எல்லையைத் தீர்மானித்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு, அதுதான் உண்மையில் ஆபத்தானது. சிப்புக்கு வெளியே தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்த உயர் பவர் கார்டுகளில், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு அந்த ஆம்ப்ளிஃபையர் இருப்பதே தெரியாது. திரையில் 16 என்று இருக்கும், வெளியே 26 போய்க்கொண்டிருக்கும். 40 மில்லிவாட் என்று நம்பி உட்கார்ந்திருப்பீர்கள், போவது 400. யூபிக்விட்டி நிறுவனத்தின் கார்டுகளோடு புழங்கியவர்களுக்கு இது பழக்கம். ரூட்டரில் ஏற்றும் மாற்று மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியில் ‘ஐடபிள்யூஇன்ஃபோ’ கட்டளை தரும் விவரங்களில் ‘ஆஃப்செட்’ என்று ஒரு வரி வருவது இதற்காகத்தான். அந்த வரியைப் பார்க்காமல் பவரைத் தொடாதீர்கள்.

இனி, கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு ரூட்டரை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். 2002 டிசம்பரில் வந்தது. உள்ளே லினக்ஸ் இருப்பது தெரிந்து, மூலநிரலைத் தரவேண்டும் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின்படி அதைக் கேட்டுப் போராடி 2003-இல் வாங்கினார்கள். அதிலிருந்து கிளைத்த மாற்று ரூட்டர் மென்பொருள்களில் டிடி-டபிள்யூஆர்டியும் ஒன்று. அதில் அனுப்பும் பவருக்கு ஒரு பெட்டி இருந்தது, 251 மில்லிவாட் வரை எண் கொடுக்கலாம். தொடக்க மதிப்பாக இருந்த 28-இலிருந்து ஒன்பது மடங்கு. பக்கத்திலேயே உதவிக்குறிப்பும் இருந்தது: 70 வரை போவது பெரும்பாலானவர்களுக்குச் சரி, அதற்கு மேல் சிப் சூடாகி ரூட்டரின் ஆயுள் குறையும். குறிப்பை யார் படித்தார்கள்? பெட்டியில் 251 வரை போகும் என்றால் கை 251-க்குத்தான் போகும். மனித சுபாவம் அப்படி.

சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், 251-இல் வைத்தவர்களில் பலர் வேகம் குறைந்ததாகச் சொன்னார்கள். கேட்டவர்கள் நம்பவில்லை. ஆனால் அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

கோயில் கொடைக்கு மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையரை ஒரு அளவு வரை திருகினால் பாட்டு அடுத்த தெரு வரை கேட்கும். அதற்கு மேல் திருகினால் சத்தம் மூன்று தெருவுக்குப் போகும், ஆனால் என்ன பாட்டு என்று யாருக்கும் புரியாது. வைஃபையும் இப்படிக் கிழியும். 802.11ஜி என்ற வைஃபை தரநிலையில் ஒரே சமயத்தில் 52 துணை அலைகள் சேர்ந்து போகின்றன. அவை எல்லாம் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொட்டால், அந்த உச்சம் சராசரியைவிடப் பல மடங்கு உயரமாக இருக்கும். ஆம்ப்ளிஃபையர் அந்த உச்சத்தையும் நசுக்காமல் கொடுக்க வேண்டுமென்றால், சராசரி பவரைத் தன் முழுக் கொள்ளளவுக்கு நன்றாகக் கீழே வைத்திருக்க வேண்டும். மேலே தள்ளினால் உச்சிகள் வெட்டுப்படும், அலையின் வடிவம் கெடும்.

எந்த அளவு கெடலாம் என்பதற்கும் தரநிலையில் எண் இருக்கிறது. 6 எம்பிபிஎஸ் வேகத்தில் பிழை சிக்னலைவிட 5 டெசிபல் கீழே இருந்தால் போதும். 54 எம்பிபிஎஸ்ஸுக்கு 25 டெசிபல் கீழே இருக்க வேண்டும். பின்னால் வந்த 802.11ஏசி தரநிலையின் உச்ச வேகத்துக்கு 32, வைஃபை 6-இன் மிக வேகமான 1024 புள்ளி முறைக்கு 35. அதாவது வேகம் கூடக் கூட அலை சுத்தமாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க பவர் குறைய வேண்டும். நல்ல கார்டு எதன் விவரத்தாளை எடுத்துப் பார்த்தாலும் இது தெரியும்: குறைந்த வேகத்துக்கு எதிரே பெரிய எண் போட்டிருக்கும், உச்ச வேகத்துக்கு எதிரே அதைவிட நாலைந்து டிபிஎம் குறைவாக இருக்கும். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சிடுவது எந்த எண் என்பதை நான் சொல்லவே வேண்டாம்.

ஆகவே கார்டின் எல்லையை மீறித் தள்ளும்போது, அது வேகமான முறையில் அனுப்பும் தரவுப் பொட்டலங்கள் எதிர்முனையில் உடைந்து சேரும். மறுபடி அனுப்பும். மறுபடி உடையும். கடைசியில் வேகத்தை இறக்கிக்கொள்ளும். சிக்னல் பட்டை முழுசாக நிற்கும், கோப்பு நகராது.

பட்டை முழுசாக நின்றும் நெட் வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் பகுதியில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சேவையும் வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒருநாள் போன் செய்தார். “அண்ணே, ரூட்டர்ல பவரை ஃபுல்லா வெச்சிட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் டவர் முழுசா காட்டுது. ஆனா கனெக்ட் ஆனா சுத்திக்கிட்டே நிக்குது.”

“ரூட்டர் பேசுறது போனுக்குக் கேக்குது தம்பி. போன் பேசுறது ரூட்டருக்குக் கேக்கணுமில்ல?”

போனின் வைஃபை பவர் பெரும்பாலும் 15 டிபிஎம்மை ஒட்டித்தான் இருக்கும். அதன் பேட்டரிக்கும் அளவுக்கும் அதுதான் கட்டுப்படியாகும். வைஃபையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று எதிர்முனை பதில் சொல்ல வேண்டும். ரூட்டரை 27-க்கு ஏற்றினால் டீக்கடையில் பட்டை நிறையும், பதில் திரும்பி வராது. அதைவிட எரிச்சலான விளைவு, வீட்டுக்குள் இரண்டு ரூட்டர் வைத்திருக்கும்போது. தூரத்து ரூட்டரின் சத்தம் பலமாகக் கேட்பதால் போன் அதையே பிடித்துத் தொங்கும், பக்கத்தில் இருப்பதற்கு மாறாது. இரண்டு ரூட்டர்களின் பவரையும் போனின் அளவுக்கு இறக்கிய பிறகுதான் பல வீடுகளில் அறைக்கு அறை ஒழுங்காக மாறத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். தம்பி கடையிலும் கடைசியில் பவரைக் குறைத்துத்தான் வைத்தோம். டீக்கடைக்கு நெட் போகவில்லை. அது முன்பும் போகவில்லை.

தூரத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஆன்டெனாவில் செலவு செய்யுங்கள். ஆன்டெனா அனுப்பும்போதும் உதவும், வாங்கும்போதும் உதவும். பவர் ஒரு திசைக்கு மட்டும்தான். ஆனால் ஆன்டெனா வந்ததும் சட்டக் கணக்கு மாறுகிறது, பலர் கோட்டை விடும் இடம் இதுதான். சட்டம் பார்ப்பது கார்டின் பவரை மட்டும் அல்ல. ஆன்டெனாவிலிருந்து ஒரு திசையில் போகும் மொத்த வீச்சையும் பார்க்கிறது. கார்டு 20 டிபிஎம், ஆன்டெனா ஒரு திசையில் குவித்துக் கூட்டுவது 9 டிபிஐ (ஆன்டெனாவுக்கான டெசிபல் அளவு), கேபிளில் 2 டெசிபல் போச்சு என்றால் வெளியே 27, அதாவது அரை வாட். ஐரோப்பாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மொத்தமே 100 மில்லிவாட்தான், எனவே அங்கே இதே ஆன்டெனா மாட்டினால் கார்டை 13-க்கு இறக்க வேண்டும். அமெரிக்காவில் கார்டு ஒரு வாட், ஆன்டெனாவோடு நாலு வாட். நிலையான இருமுனை இணைப்பென்றால், ஆன்டெனா 6 டிபிஐ-க்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கார்டில் 1 குறைத்தால் போதும் என்று சலுகை வேறு. இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் வேண்டாம் என்ற 2005 விதியும் ஒரு வாட், மொத்தம் நாலு வாட் என்ற கணக்குத்தான். 5 ஜிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸை 2018 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். அதற்கு உட்பிரிவு வாரியாகத் தனி எல்லைகள் இருக்கின்றன. நீங்கள் எந்த ஆன்டெனா மாட்டினீர்கள் என்பது கார்டுக்குத் தெரியாது. கழிக்க வேண்டியது உங்கள் வேலை.

யூஎஸ்பி அடாப்டர்க்காரர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், மொத்தம் 2.5 வாட். இந்த வகை ஆம்ப்ளிஃபையர் வாங்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அலையாக வெளியே போனால் நல்ல ஆம்ப்ளிஃபையர் என்று அர்த்தம், மிச்சமெல்லாம் சூடு. ஒரு வாட் வெளியே போக வேண்டுமென்றால் அனுப்பும் கணத்தில் ஐந்து வாட் உள்ளே வர வேண்டும். ஆல்ஃபா அடாப்டரோடு இரண்டு தலை வைத்த கேபிள் தந்தது சும்மா இல்லை. ஒற்றைத் தலையை மட்டும் சொருகிவிட்டு 30 கொடுத்தால், அடாப்டர் அடிக்கடி கழன்று மாட்டியதுபோல் கெர்னல் குறிப்புகளில் வரிசையாக வரும். கார்டு போச்சு என்று நினைப்பார்கள். கார்டுக்குச் சோறு போதவில்லை, அவ்வளவுதான்.

சூட்டைப் பற்றியும் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவலைப்படலாம். விவரத்தாளில் இருக்கும் எண்கள் குளுகுளு அறையில் அளந்தவை. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ரூட்டரை வைத்துவிட்டு அதே எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. வெளியில் வைக்கும் எதையும் நான் உச்சத்துக்கு 3 டெசிபலாவது கீழே வைப்பேன். பாதிப் பவர், கிட்டத்தட்ட அதே இணைப்பு, பெட்டியைத் தொட்டால் கை சுடாது.

மேசைமேல் வைத்துச் சோதிப்பவர்கள் செய்யும் இரண்டு காரியங்கள் கார்டைக் கொல்லக்கூடியவை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பவரை ஏற்றுவது ஒன்று. போக வழியில்லாத அலை ஆம்ப்ளிஃபையருக்கே திரும்பி வருகிறது. சாதாரண லேப்டாப் கார்டு பெரும்பாலும் தாங்கிவிடும், உயர் பவர் கார்டில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். லேப்டாப் கார்டின் அந்தக் குட்டிப் பொத்தான் இணைப்பி முப்பது முறை மாட்டிக் கழற்றுவதற்கு என்றே செய்யப்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தளர்ந்த இணைப்பியும் ஆன்டெனா இல்லாததும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்று, இரண்டு உயர் பவர் கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுவது. ஒரு அடி தூரத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை இழப்பது வெறும் 30 டெசிபல். 30 டிபிஎம் அனுப்பினால் அடுத்த கருவியின் வாசலில் 0 டிபிஎம் வந்து விழும். தரநிலை ஒரு 802.11ஜி ரிசீவரிடம் எதிர்பார்ப்பது மைனஸ் 20 வரை தாங்குவதை மட்டுமே. அதைவிட நூறு மடங்கு. கேபிள் போட்டு நேராக இணைத்தால் நிலைமை இன்னும் கெடும். நடுவில் அலையைக் குறைக்கும் 30 டெசிபல் அட்டென்யுவேட்டர்கள் இரண்டு வைக்காமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

உடம்புக்கு என்ன என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு இந்த அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 10 வாட். செல்போன் கோபுரங்களுக்கு இந்தியா 2012 செப்டம்பரில் அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 1 வாட்டை, வரம்பாக வைத்தது. 100 மில்லிவாட் ரூட்டர் 20 சென்டிமீட்டர் தூரத்தில் இடைவிடாமல் அனுப்பினால்கூட 0.2 வாட்தான் வருகிறது. ஒரு மீட்டர் தள்ளினால் 0.008. நடைமுறையில் அது இடைவிடாமல் அனுப்புவதும் இல்லை. ஆனால் ஆன்டெனாவோடு நாலு வாட் போகும் கருவி என்றால் அதே 20 சென்டிமீட்டரில் கணக்கு 8 வாட்டுக்கு ஏறிவிடுகிறது. எனவே சாதாரண ரூட்டருக்குப் பயந்து அதைத் துணி போட்டு மூட வேண்டாம், உயர் பவர் அடாப்டரைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கவும் வேண்டாம். குறிப்பிட்ட தூரம் தள்ளி வைக்கச் சொல்லும் வரி பல கருவிகளின் கையேட்டில் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

சட்டம் என்றதும் ‘என் வீட்டு வைஃபையால் யாருக்கு என்ன’ என்று தோள் குலுக்குபவர்களுக்கு ஒரு ஊர் பெயர்: சான் ஹுவான், போர்ட்டோ ரிக்கோ. விமானம் தரையிறங்கும்போது திடீரென்று கீழே அழுத்தும் காற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க அங்கே விமான நிலையத்துக்கென ஒரு வானிலை ரேடார் இருக்கிறது. அது 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். 2009 வாக்கில் அதன் திரையில் விசிறி விசிறியாகக் கோடுகள் விழுந்தன. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஆட்கள் திசை பார்த்துத் தேடிப் போனால், உயரமான இடங்களில் வைத்திருந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் வெளிப்புற இணைப்புகள். ரேடாரைக் கேட்டதும் சேனலை விட்டு விலகும் வசதி சிலவற்றில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, சில தவறான அலைவரிசையிலேயே ஓடின. அபராதங்கள் போடப்பட்டன.

விவகாரம் அதோடு நிற்கவில்லை. 2015-இல் அந்த ஆணையம் தயாரிப்பாளர்களிடம், டிடி-டபிள்யூஆர்டி போன்றவற்றை ஏற்றாமல் உங்கள் ரூட்டரை எப்படித் தடுப்பீர்கள் என்று பெயர் சொல்லியே கேட்டது. ரேடியோவைப் பூட்டச் சொன்னால் கம்பெனிகள் ரூட்டரையே பூட்டிவிடும் என்று கலக்கம் வந்தது. ரூட்டர் மென்பொருள் ஆய்வாளர் டேவ் டாஹ்ட், இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப் உள்ளிட்ட பலர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் வாசகத்தைத் திருத்தினார்கள். 2016 ஆகஸ்ட்டில் டிபி-லிங்க் நிறுவனம் 2 லட்சம் டாலர் கட்டி ஒரு சமரசத்துக்கு வந்தது. காரணம், அதன் சில ரூட்டர்களில் நாட்டுக் குறியீட்டை மாற்றினால் அனுமதித்த அளவுக்கு மேல் பவர் போனது. அதே பொலிவியா வித்தை. நாம் விளையாட்டாகச் செய்தது சுற்றிச் சுற்றி, நம் ரூட்டரில் நாம் விரும்பிய மென்பொருளை ஏற்றும் உரிமைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது. எனக்கு அந்த வித்தைமேல் இருக்கும் கோபம் பெரும்பாலும் இதற்காகத்தான்.

நான் எப்படி வைக்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் உண்மையான நாடு: இந்தியாவின் குறியீடான ‘ஐஎன்’. சேனலை முடிவு செய்து பூட்டிவிடுவேன், ஏனென்றால் சேனலுக்குச் சேனல் எல்லை மாறும். பவரை 10 டிபிஎம்மில் தொடங்குவேன். எந்த இடத்தில் உட்கார்ந்து பயன்படுத்துவோமோ அங்கே லேப்டாப்பை வைத்து, வேகம் அளக்கும் நிரலான ‘ஐபெர்ஃப்’ கொண்டு இரண்டு திசையிலும் வேகத்தை அளப்பேன். கூடவே மறுமுறை அனுப்பிய பொட்டலங்களின் எண்ணிக்கையையும் பார்ப்பேன், லினக்ஸின் ‘ஐடபிள்யூ’ கட்டளையில் நிலைய விவரம் கேட்டால் அது வரும். பிறகு 2 அல்லது 3 டெசிபல் ஏற்றி மறுபடி அளப்பேன். ஒரு கட்டத்தில் வேகம் ஏறுவது நிற்கும், மறுமுறைகள் கூடத் தொடங்கும். அதற்கு முந்தைய படியில் நிறுத்திவிடுவேன். வீடுகளில் இது பெரும்பாலும் 14 முதல் 17-க்குள் முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துச் சுவரோடு இருபது வீட்டு வைஃபை மோதிக்கொள்ளும் அடுக்குமாடியில் இன்னும் கீழே. அங்கே உங்கள் சத்தத்தைக் கேட்கும் ஒவ்வொரு ரூட்டரும் தன் முறைக்காகக் காத்திருக்கிறது, அவர்கள் சத்தத்துக்காக நீங்களும் காத்திருக்கிறீர்கள். விண்டோஸில் கார்டின் பண்புகளுக்குள் போனால் எண் இருக்காது, குறைந்தபட்சம் முதல் அதிகபட்சம் வரை சில படிகள்தான் இருக்கும். அளக்கும் முறை அங்கேயும் இதேதான்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ‘ஐடபிள்யூகான்ஃபிக்’ டிபிஎம்மில் எண் கேட்கும், புதிய ‘ஐடபிள்யூ’ அதன் நூறில் ஒரு பங்கு அலகில் கேட்கும். 15 டிபிஎம் வேண்டுமென்றால் 1500 கொடுக்க வேண்டும். பழக்கத்தில் 15 என்று அடித்தால் ஒரு மில்லிவாட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அறையைத் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடும். எண் கொடுத்ததும் கார்டு எதை ஏற்றுக்கொண்டது என்று திரும்பக் கேட்டுப் பாருங்கள், சில டிரைவர்கள் தலையாட்டிவிட்டு எதுவும் செய்யாது. கருவியை அணைத்து ஏற்றினால் கையால் கொடுத்தது போய்விடும், எனவே அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். கெர்னலோ அட்டவணைக் கோப்போ புதுப்பிக்கப்பட்ட பிறகு எல்லை மாறியிருக்கலாம், ஆகவே அன்றைக்கும் ஒருமுறை திரும்பக் கேளுங்கள்.